பிறந்த வீடா, புகுந்த வீடா?



சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் தோ பாயோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சண்டை. கைகலப்பு அல்ல, பயப்படாதீர்கள். வாய்ச்சண்டைதான். சண்டை போட்ட இருவரும் என் நண்பர்கள், எழுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். மற்றவர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். நெற்றியில் திருநீற்றோடு ஆளுக்கொரு கோப்பி வாங்கிக்கொண்டு கல்மேசையில் வந்து உட்காருவது இவர்கள் வழக்கம்.

அந்தக் கல்மேசைகளைச் சிங்கப்பூர் வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். மேசையின் மேலேயே சதுரங்கக் கட்டம் போட்டிருக்கும். ஒரு மேசையில் சீனப் பெரியவர்கள் அவர்களுடைய சதுரங்கத்தை ஆடுவார்கள். பக்கத்து மேசையில் நம்மவர்கள் நாட்டு நடப்பை ஆடுவார்கள்!

சண்டைக்குக் காரணம் சொத்தும் அல்ல, சொந்தமும் அல்ல. சிங்கப்பூருக்கு எத்தனை கிராண்ட்மாஸ்டர்கள் என்பதுதான் காரணம். பேருந்து ஓட்டியவர் ஒரு காகிதத்தில் ஆறு பெயர்களை எழுதிக்கொண்டு வந்திருந்தார். வோங் மெங் கோங், வூ ஷாவ்பின், ஜாங் ஜோங், கெவின் கோ, தின் ஜிங்யாவ், சித்தார்த் ஜகதீஷ். கணக்காசிரியர் பேனாவை எடுத்தார். இரண்டு பெயர்களை அடித்தார். "ஆறு இல்லை, நாலுதான்" என்றார்.

"ஏன் சார் அடிச்சீங்க?"

"அந்த இரண்டு பேரும் வரும்போதே பட்டத்தோட வந்தவங்க. சீனா சமைச்ச சோறு. நாம இலை போட்டோம், அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வூ ஷாவ்பின், ஜாங் ஜோங் இருவருமே 1998இல் சீனாவின் ஆட்டக்காரர்களாக கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றவர்கள். பிறகுதான் சிங்கப்பூரின் கொடிக்கு மாறினார்கள். ஜாங் ஜோங் மாறியது 2007இல். இன்றைக்கும் சீனர்கள் தங்கள் நாட்டு கிராண்ட்மாஸ்டர்களை வரிசைப்படுத்தி எண்ணினால் இந்த இருவரும் அதிலும் வருவார்கள். ஒரே ஆள், இரண்டு வீட்டுக் குடும்ப அட்டையில்!

வோங் மெங் கோங்கின் கதை வேறு. அவர் மனநல மருத்துவர். வைத்தியமும் பார்த்துக்கொண்டு, ஆடியும் வந்து 1999இல் பட்டத்தை எட்டினார். இங்கே வளர்ந்தவர்களில் அடுத்தவராக கெவின் கோ அதை எட்டியது 2020இல். நடுவில் இருபத்தொரு வருடம்! அந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் கணக்காசிரியரின் கோபம் புரியும்.

இந்த நேரத்தில் எங்கள் புளோக்கின் எட்டாம் மாடியில் குடியிருக்கும் ஒரு பெண்மணி சந்தைக் கூடையோடு வந்து நின்றார். பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். கணவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். இருவரும் இங்கே நிரந்தரவாசிகள். அவர்களுடைய மகனுக்குப் பதினொரு வயது. சதுரங்கப் பலகையைப் பார்த்துவிட்டால் பையனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அந்த அம்மா இரண்டு பேர் வாதத்தையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாமா, அப்போ என் மகனை எந்தக் கணக்கிலே சேர்ப்பீங்க?"

யாரும் பதில் பேசவில்லை. பேனா வைத்திருந்தவரும் பேனாவை மூடிவிட்டார்.

சங்கதி இதுதான். பையன் சிங்கப்பூரில் பிறந்தவன். ஆனால் பெற்றோர் இருவரும் மலேசியக் குடிமக்கள் என்பதால் அவனும் மலேசியக் குடிமகனே. இங்கே பிறந்துவிட்டால் மட்டும் ஒருவர் சிங்கப்பூர்க் குடியாகிவிட முடியாது. பையனுடைய பள்ளியில், "இவனைப் பெரிய போட்டிகளுக்கு அனுப்பலாம், பதிவு செய்யுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். பதிவு என்றால் நாடு எது என்று எழுத வேண்டும். தொலைபேசியில் தாய்மாமன், "நம்ம பையன் நம்ம நாட்டுக்குத்தான் ஆடணும்" என்கிறார். பையனோ, "என் பள்ளிக்கூடமும் சிநேகிதர்களும் இங்கேதானே இருக்காங்க?" என்கிறான். அம்மா இருவருக்கும் நடுவில் நிற்கிறார்.

வாசகர்களே, அன்று நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். யோசித்ததை இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் கிராண்ட்மாஸ்டர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். தோட்டத்திலிருந்து எழுதும் வாசகர்கள் பலர், "இது உலகச் சாம்பியன் பட்டமா?" என்று கேட்கிறார்கள். இல்லை. ஃபிடே என்னும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு, ஆட்டத்தில் மிக உயர்ந்த தரத்தைத் தொட்டவர்களுக்குக் கொடுக்கும் பட்டம் இது. 1950இல் முதன்முதலாக 27 பேருக்குக் கொடுத்தார்கள். இன்று இதைப் பெற வேண்டுமானால், வலிமை வாய்ந்த போட்டிகளில் மூன்று முறை தகுதி காட்ட வேண்டும். தரப்புள்ளியில் 2500ஐ எட்ட வேண்டும். தகுதி காட்டும் போட்டியில் எதிரே உட்காருபவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினராவது கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். பொதுவாக, அவர்களில் வெளிநாட்டவர்களும் இருக்க வேண்டும் என்பது விதி. கவனித்தீர்களா? அயலார் துணையில்லாமல் எந்த நாட்டுக்காரரும் லேசில் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட முடியாது!

இன்னொன்று. பட்டம் ஆளுக்குரியது, ஆயுளுக்கும் உரியது. நாடு மாறினால் பட்டம் போகாது. நாடு என்பது ஆட்டக்காரரின் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்படும் ஒரு கூட்டமைப்பின் பெயர். அந்த நாட்டில் குடியுரிமை இருக்க வேண்டும், அல்லது அங்கே வசிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கூட்டமைப்புத்தான். மாற விரும்பினால் ஃபிடேக்குக் கட்டணம் உண்டு. பழைய கூட்டமைப்புக்கு ஈட்டுத்தொகையும் உண்டு. வலுவான ஆட்டக்காரர் என்றால் தொகை கூடும். பொறுமையாகக் காத்திருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. வளர்த்தவர்களுக்கு வளர்த்த செலவைக் கொடுத்துவிட்டுக் கூட்டிப்போ என்பதுதான் இதன் பொருள். நம் கல்யாணங்களில் பேசுவதைப் போலத்தான் இருக்கிறது, இல்லையா?

ஆகவே அந்த வழியிலேயே யோசிப்போம். ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடும் உண்டு, புகுந்த வீடும் உண்டு. முப்பது வருடம் புகுந்த வீட்டில் உலை வைத்து, பிள்ளைகளை ஆளாக்கி, மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவளை, "நீ அடுத்த வீட்டுப் பெண்" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அதே நேரத்தில், "உனக்குப் பிறந்த வீடே கிடையாது" என்று சொல்லவும் யாருக்கும் உரிமையில்லை.

சதுரங்க உலகில் இது புதிதும் அல்ல. 1950இன் அந்த முதல் 27 பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ரெஷெவ்ஸ்கி போலந்தில் பிறந்தவர். சிறு பையனாக அமெரிக்கா போனவர். அர்ஜென்டினாவின் நஜ்டோர்ஃபும் போலந்துக்காரர். 1939இல் போலந்து அணியோடு புவனஸ் அயர்ஸ் நகரில் ஒலிம்பியாட் ஆடப் போனார். ஆடிக்கொண்டிருக்கும்போதே உலகப்போர் மூண்டது. அவர் யூதர். திரும்பியிருந்தால் உயிர் மிஞ்சியிருக்காது. அங்கேயே தங்கிவிட்டார். ஊரில் விட்டு வந்த மனைவி, குழந்தை, பெற்றோர் எல்லாரையும் இழந்தார். இவரைப் பார்த்து, "நீ ஏன் கொடி மாற்றினாய்?" என்று கேட்பவருக்கு நெஞ்சில் ஈரம் இருக்க முடியுமா?

எல்லாக் கதையும் அப்படிக் கண்ணீர்க் கதை அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். கர்யாக்கின் என்பவர் உக்ரேனின் பிள்ளையாக 2002இல், பன்னிரண்டு வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2009இல் ரஷ்யாவுக்கு மாறினார். 2016இல் உலகப் பட்டத்துக்கு ஆடும்போது அவர் முன்னால் இருந்தது ரஷ்யக் கொடி. ஃபிரூஜா என்ற இளைஞர் ஈரானில் பிறந்தவர். இஸ்ரேலியர்களோடு ஆட நேரும் என்று 2019இல் ஈரான் தன் ஆட்டக்காரர்களை ஒரு பெரிய போட்டியிலிருந்து நிறுத்தியபோது, அவர் எந்த நாட்டின் கொடியும் இல்லாமல் ஃபிடேயின் கொடியில் ஆடினார். 2021இல் பிரான்ஸ் அவருக்கு நாடாயிற்று. கருவானா அமெரிக்காவில் பிறந்து, 2005 முதல் இத்தாலிக்கு ஆடி, 2015இல் மறுபடி அமெரிக்காவுக்கே திரும்பினார்.

ஆக, ஒருவருக்குப் போர், ஒருவருக்கு வசதி, ஒருவருக்கு அரசியல், ஒருவருக்கு வீடு திரும்பல். எல்லாரையும் ஒரே முழக்கோலால் அளக்கலாமா?

நம் தமிழ்நாட்டுப் பக்கம் வாருங்கள். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவேல் ஆரோன். 1961இல் அந்தப் பட்டம் பெற்றார். ஒன்பது முறை தேசியச் சாம்பியன். சென்னையில் 1972இல் சோவியத் கலாசார மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தோன்றக் காரணமானவர். அவர் எங்கே பிறந்தார் தெரியுமா? பர்மாவில், தௌங்கூ என்ற ஊரில், 1935இல். கடல் கடந்து பிழைக்கப் போன நம் குடும்பங்களின் கதை உங்களுக்குத் தெரியாததா? பிறந்த மண்தான் கணக்கு என்றால் இந்தியச் சதுரங்கத்தின் பிள்ளையார் சுழியையே அழித்துவிட வேண்டியதுதான்!

அவர் தொடங்கிய அந்தத் தால் கழகத்தில் ஆடி வளர்ந்தவர்தான் விசுவநாதன் ஆனந்த். மயிலாடுதுறையில் 1969இல் பிறந்தவர். ஆறு வயதில் தாயார் சுசீலாவிடம் ஆட்டம் கற்றவர். தந்தையின் ரயில்வே வேலைக்காகக் குடும்பம் சிறிது காலம் மணிலாவில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் வந்த சதுரங்கப் புதிர்களைத் தாயும் மகனும் சேர்ந்து விடுவித்தார்கள். பிலிப்பீன்ஸ் சதுரங்கப் பித்துப் பிடித்த நாடு. ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் யூஜின் தோரே 1974இல் அங்கிருந்துதான் வந்தார். அந்தக் காற்றும் ஆனந்தின் மேல் பட்டது. 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆனந்த் இந்தியர். அதில் யாருக்காவது சந்தேகம் இருக்க முடியுமா?

இருந்ததே! 2010 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் உலகக் கணித மாநாடு நடந்தபோது, ஹைதராபாத் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர விரும்பியது. அவர் அப்போது ஸ்பெயினில் வீடு வைத்திருந்தார். இவர் இந்தியக் குடிமகன்தானா என்ற கேள்வி தில்லியில் மனிதவள அமைச்சில் எழுந்தது. கோப்பு நின்றது. அதே வருடம் மே மாதம் உலகப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டு வந்த மனிதர்! கையில் இருந்தது இந்தியக் கடவுச்சீட்டு. ஆடியதெல்லாம் இந்தியக் கொடியின் கீழ். கடைசியில் அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்டது நல்ல பண்பு. ஆனால் கேட்ட கேள்வி கேட்டதுதானே? "நீ எங்கே குடியிருக்கிறாய் என்று சொல், நீ யார் என்று நான் சொல்கிறேன்" என்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்துக் கூத்தையும் பாருங்கள். அது நம் செந்தோசாவிலேயே தொடங்கியது. 2024 டிசம்பர் 12ஆம் தேதி, பதினெட்டு வயது குகேஷ், சீனாவின் டிங் லிரனை வென்று உலகச் சாம்பியன் ஆனார். சிங்கப்பூரே மகிழ்ந்தது. பிள்ளை பலகையை விட்டு எழுந்து கண்ணீரைத் துடைப்பதற்குள் உரிமைச் சண்டை தொடங்கிவிட்டது. ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு தெலுங்குப் பிள்ளை என்று வாழ்த்தினார். தமிழ்நாட்டு முதலமைச்சராக அப்போது இருந்த மு.க. ஸ்டாலின் சென்னையின் பெருமையாக வாழ்த்தினார். இரு பக்கத்து ரசிகர்களும் சமூக ஊடகங்களில் மல்லுக்கு நின்றார்கள். பையன் தெலுங்கு பேசும் குடும்பத்தில் சென்னையில் பிறந்து வளர்ந்தவர். இதில் ஒருவர் சொன்னது பொய்யா? இரண்டும் மெய்தானே? தாய்மொழி ஒன்று, வளர்த்த ஊர் ஒன்று. இரண்டு மெய்களும் ஒரே பிள்ளைக்குள் சண்டையில்லாமல்தான் இருக்கின்றன. சண்டை வெளியே இருப்பவர்களுக்கு!

இன்னொரு சங்கதி கேளுங்கள். மீர் சுல்தான் கான் பஞ்சாபில் பிறந்தவர். 1929இல் தம் எஜமானரோடு இலண்டனுக்குப் போய், மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனவர். கப்பப்ளாங்காவையே வென்றவர். ஒலிம்பியாடில் இங்கிலாந்துக்கு ஆடியவர். பிறகு ஊர் திரும்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு 1966இல் காலமானார். அவர் ஆடிய காலத்தில் பாகிஸ்தான் என்ற நாடே கிடையாது. அவர் ஊர் பின்னால் பாகிஸ்தான் ஆயிற்று. 2024இல் ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தபோது, அதைப் பாகிஸ்தானின் பிரதமர் கையில் கொடுத்தார்கள். பாகிஸ்தானின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்றார்கள். ஆள் நகரவில்லை, எல்லைக்கோடு நகர்ந்துவிட்டது!

இதைப் படிக்கும் மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது வேற்று ஊர்க் கதையாகத் தோன்றாது. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதிக்கு முன்னால் ஒரே நாட்டில் இருந்த அண்ணன் தம்பிகள், அன்று முதல் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். நடுவில் ஒரு பாலந்தான். அதோடு அட்டையின் நிறத்தையும் பாருங்கள். மலேசியாவில் நீல அட்டை என்றால் குடிமகன். சிங்கப்பூரில் நீல அட்டை என்றால் நிரந்தரவாசி. அங்கே நீலத்துக்காக ஏங்கியவர்கள் உண்டு. இங்கே நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு ஏங்குகிறவர்கள் உண்டு. தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே பால் வெட்டி, சிவப்பு அட்டையோடு கண்மூடிய பெரியவர்களை உங்களில் பலர் அறிவீர்கள். அவர்களை அந்த மண்ணின் மக்கள் அல்ல என்று எந்த வாய் சொல்லும்? அட்டை ஒன்று சொல்லும், வாழ்க்கை ஒன்று சொல்லும்.

கணக்காசிரியரிடம் இதையெல்லாம் மறுநாள் சொன்னேன். அவர் லேசில் விடுகிறவரா? "அதெல்லாம் சரி. வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவந்து பதக்கம் வாங்கிட்டா, நம்ம பிள்ளைகளை யார் வளர்ப்பா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. நம் தோ பாயோவில் நின்றுகொண்டே அதற்குப் பதில் தேடலாம். சிங்கப்பூர் மேசைப்பந்துச் சங்கத்தின் கூடம் இங்கே லோரோங் 6இல்தான் இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் லி ஜியாவெய், ஃபெங் தியன்வெய், வாங் யுவேகு மூவரும் மேசைப்பந்துக் குழுப் போட்டியில் வெள்ளி வாங்கினார்கள். மூவருமே சீனாவில் பிறந்தவர்கள். அப்போது கோப்பிக் கடைக்குக் கோப்பிக் கடை, "இது நம்ம பதக்கமா?" என்ற கேள்விதான். "அந்தக் காலத்தில் டான் ஹாவ் லியாங் வாங்கினாரே, அது பதக்கம்!" என்றார்கள். 1960இல் ரோமில் பளுதூக்குதலில் அவர் வாங்கிய வெள்ளிக்குப் பிறகு, நாற்பத்தெட்டு வருடம் கழித்து வந்த பதக்கம் இது. ஆனால் டான் ஹாவ் லியாங்கும் பிறந்தது சீனாவின் சுவாத்தோவ் நகரத்தில்தான்! சிறுவனாக இங்கே வந்தவர். காலம் போகப் போக அவர் எங்கே பிறந்தார் என்பதை ஊர் மறந்தது. எங்கே வியர்வை சிந்தினார் என்பது மட்டும் நினைவில் நின்றது.

"அப்போ நான் தப்பா?" என்றார் ஆசிரியர்.

முழுதும் தப்பில்லை. அவர் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு நாடு எத்தனை கிராண்ட்மாஸ்டர்களை வைத்திருக்கிறது என்பது ஒரு கேள்வி. எத்தனை பேரை வளர்த்தது என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கலக்கினால்தான் குழப்பம். 2016இல் பாக்கு ஒலிம்பியாடில் அமெரிக்கா தங்கம் வென்றது. அந்த அணியின் தலைமாந்தர் மூவர்: இத்தாலிக்கு ஆடிவிட்டு வந்த கருவானா, பிலிப்பீன்ஸ் வளர்த்த வெஸ்லி சோ, ஜப்பானில் பிறந்து இரண்டு வயதில் அமெரிக்கா வந்த நாகமுரா. நாகமுராவுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்து ஆளாக்கிய மாற்றாந்தந்தை சுனில் வீரமந்திரி இலங்கையில் பிறந்தவர்! தங்கம் அமெரிக்காவுடையது. அதில் ஐயமில்லை. ஆனால் வெஸ்லி சோவை வளர்த்த பெருமையைப் பிலிப்பீன்ஸிடமிருந்து அமெரிக்கா பிடுங்கிக்கொள்ள முடியாது.

எனவே நான் அந்தக் காகிதத்தை வாங்கி, நடுவில் ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம், "இங்கே வளர்ந்து எட்டியவர்கள்." வலப்பக்கம், "எட்டிவிட்டு வந்து நம்மோடு உட்கார்ந்தவர்கள்." இடப்பக்கத்தைப் பார்த்தால் நாம் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறோம் என்று தெரியும். வலப்பக்கத்தைப் பார்த்தால் வந்தவர்கள் தங்கும்படி நாம் நடந்துகொள்கிறோமா என்று தெரியும். இரண்டும் ஒரு வீட்டுக்குத் தேவைதான். ஆனால் கீழே கூட்டுத்தொகை போடும்போது ஒன்றாகத்தான் போட வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிவிட்டு, "மருமகள்கள் மட்டும் கணக்கில் இல்லை" என்று சொல்லலாமா? வலப்பக்கத்து ஜாங் ஜோங் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். இடப்பக்கம் நீளுவதற்கு வலப்பக்கமும் ஒரு காரணம்!

ஆசிரியர் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். "கூட்டல் சரிதான்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிய காரியம்.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நான் அவரிடம் சொன்னது இதுதான்.

"அம்மா, அந்தப் படிவம் உன் மகன் யார் என்று கேட்கவில்லை. அவன் எந்த வீட்டு வாசலிலிருந்து ஆடப் புறப்படுகிறான் என்றுதான் கேட்கிறது. அவன் பள்ளி இங்கே, பயிற்சி இங்கே, தோழர்கள் இங்கே. குடியுரிமை இல்லாமலும் வசிக்கும் நாட்டுக்கு ஆடலாம். வெஸ்லி சோ 2014இல் அமெரிக்காவுக்கு மாறினார். குடிமகன் ஆனது 2021இல்தான். தங்கம் வென்றபோது அவர் அந்நாட்டுக் குடிமகன் அல்ல! இந்தியாவில் பிறந்து 2017இல் இங்கே வந்த சின்னப் பையன் ஒருவன், சிங்கப்பூரின் பெயரில் ஆடி, 2024 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தில் தன் எட்டு வயதில் ஒரு கிராண்ட்மாஸ்டரையே தோற்கடித்தான். பத்திரிகையில் பார்த்திருப்பாய்."

"பின்னாலே தேசிய சேவை, குடியுரிமை எல்லாம் இருக்கே மாமா?"

இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற ஆண்பிள்ளைக்கு இங்கே தேசிய சேவைக் கடமை உண்டு. குடியுரிமையைப் பற்றி ஒருநாள் முடிவு செய்தே ஆக வேண்டும். ஆனால் அது அவன் வளர்ந்தபின், அவனும் உட்கார்ந்து பேச வேண்டிய முடிவு. பதினொரு வயதில் சதுரங்கப் படிவத்தில் எழுதும் ஒரு வரி அந்த முடிவை எடுத்துவிடாது. கொடியை மாற்றவும் வழி இருக்கிறது என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம்.

ஷ்ரேயஸ் ராயல் என்ற பையனின் கதையையும் சொன்னேன். பெங்களூரில் பிறந்து மூன்று வயதில் இங்கிலாந்து போனவர். 2018இல் தந்தையின் வேலை விசா முடிகிறது. குடும்பம் நாடு திரும்ப வேண்டிய நிலை. பையனின் ஆட்டத்தைக் கண்டவர்கள் குரல் கொடுத்தார்கள். அரசு மனம் மாறி இருக்க அனுமதித்தது. 2024இல், பதினைந்து வயதில், அதுவரை பிரிட்டன் கண்ட கிராண்ட்மாஸ்டர்களில் வயதில் மிக இளையவர் என்ற பெருமையை அந்நாட்டுக்கே தேடித் தந்தார். வைத்துக்கொண்ட வீட்டுக்கு விளக்கேற்றினார்.

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பிக்கு என்ன சொல்றது?" என்றார். தம்பி என்றால் தோட்டத்தில் இருக்கும் தாய்மாமன்.

அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமான கேள்வியாகப் பட்டது. அந்த மாமன் கேட்பதும் கொடியை அல்ல. "எங்களை விட்டுவிடாதே" என்றுதான் கேட்கிறார். பிறந்த வீட்டின் குரல் எப்போதும் அதுதான். அதற்குப் படிவத்தில் பதில் எழுத முடியாது. நடந்துதான் காட்ட வேண்டும். "பள்ளி விடுமுறைக்குப் பையனைத் தோட்டத்துக்கு அனுப்பு. நாலு சதுரங்கப் பலகை வாங்கிக் கொடுத்து அனுப்பு. அங்கே உள்ள பிள்ளைகளுக்கு அவன் சொல்லிக்கொடுக்கட்டும்" என்றேன்.

சென்ற வாரம் அந்த அம்மா படிவத்தில் சிங்கப்பூர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று மாலையே தேக்காவுக்குப் போய்த் தம்பிக்கு வேட்டியும், ஒரு கடையில் நாலு சதுரங்கப் பலகையும் வாங்கிவந்தார். தம்பி தொலைபேசியில், "அந்தப் பக்கம் ஆடினாலும் பையன் நம்ம பையன்தான்" என்றாராம். அவர் குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்ததாம். இருக்கட்டும். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கொஞ்சம் வருத்தம் இருப்பதுதானே முறை?

நம் தோ பாயோவின் பெயரையே பாருங்களேன். "தோ" ஹொக்கியன் சொல். பெரியது என்று பொருள். "பாயோ" மலாய்ச் சொல்லான பாயாவிலிருந்து வந்தது, சதுப்பு நிலம். ஒரு பாதி ஒரு மொழி, மறு பாதி வேறு மொழி. அந்தச் சதுப்பில் அறுபதுகளில் வீடுகள் எழுந்தன. 1973இல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள் நடந்தபோது வெளிநாட்டு வீரர்களை இங்கேதான், புத்தம்புது அடுக்குமாடிகளில், தங்க வைத்தார்கள். ஆட்டம் முடிந்து அவர்கள் போனார்கள். பிறகு அதே வீடுகளில் குடும்பங்கள் குடிவந்தன. எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள். இன்று அவர்கள் எல்லாரும் தோ பாயோக்காரர்கள்.

இந்த ஞாயிறு காலை கல்மேசைக்குப் போனேன். பையன் கணக்காசிரியரோடு ஆடிக்கொண்டிருந்தான். ஆசிரியர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அடுத்த மேசைச் சீனப் பெரியவர்கள்கூடத் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். பையனுடைய காலாள் ஒன்று மெதுவாக நகர்ந்து நகர்ந்து எட்டாம் கட்டத்தைத் தொட்டது. ராணி ஆயிற்று.

"சார், ஆட்டம் முடிஞ்சிருச்சு" என்றான் பையன்.

"யார்டா உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?" என்றார் ஆசிரியர்.

"தோட்டத்து மாமா" என்றான்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி இரண்டு வாசலுக்கு நடுவே நிற்கும் பிள்ளைகள் இருப்பார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பாட்டி, இந்தப் பக்கம் பள்ளிக்கூடம். அவர்களை, "நீ எந்தப் பக்கம்?" என்று அவசரப்பட்டுக் கேட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் அவர்களுக்கு உண்டு என்று முதலில் சொல்லுங்கள். உங்கள் வீட்டு அனுபவத்தை எழுதி அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அடுத்த இதழில் வேறொரு சங்கதியோடு வருகிறேன். வணக்கம்.